சிறுகுன்றும் நெடுநோக்கும்
(டென்மார்க் நாட்டுக் காட்சிக் கோபுரங்கள் பற்றிய ஓர் ஆய்வு)

முன்னுரை

உயர்ந்த இடத்தில் ஏறி நின்று தான் வாழும் நிலத்தைக் காண விழைவது மாந்தர்க்கு இயல்பாய் அமைந்த விருப்பங்களுள் ஒன்று. மலைவளம் மிக்க நாடுகளில் அவ்விருப்பத்தை இயற்கையே நிறைவேற்றி விடுகிறது. மலையே இல்லாத நாட்டில் வாழ்வோர் என்செய்வர்? தம்மிடம் உள்ள சிறு குன்றுகளைத் தேடிச் சென்று, அவற்றின் உச்சியில் கோபுரம் எழுப்பி, அதன்மேல் ஏறிக் காண்பர். அவ்வாறு செய்த நாடுகளுள் டென்மார்க் குறிப்பிடத்தக்கது.

டேனியரைத் தமிழகம் நன்கு அறியும். தஞ்சையை ஆண்ட இரகுநாத நாயக்கரிடம் உடன்படிக்கை செய்துகொண்டு 1620ஆம் ஆண்டில் தரங்கம்பாடியில் காலூன்றிய அவர்கள், 1845ஆம் ஆண்டில் அவ்வூரை ஆங்கிலேயர்க்கு விற்றுச் சென்றனர். 1706இல் அங்கு வந்திறங்கிய சீகன்பால்கு தமிழ் அச்சுக் கலைக்கு ஆற்றிய தொண்டினைத் தமிழ் மாணவர் அனைவரும் கற்றுள்ளோம். எனினும் டேனியரைக் கடலோடிகளாகவும் வணிகராகவுமே நாம் அறிந்திருக்கிறோம். அவர்தம் உள்நாட்டுக் குன்றுகளையும், அவற்றின்மேல் நிற்கும் கோபுரங்களையும், அக்கோபுரங்கள் தாங்கி நிற்கும் வரலாற்றையும் அறிந்தோம் அல்லோம். அவற்றை எடுத்துரைப்பதும், அவற்றால் நாம் பெறத்தகும் பாடத்தை ஆராய்வதும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நிலத்தின் இயல்பு

டென்மார்க் நாட்டின் பெரும்பகுதி ஜட்லாந்து என்னும் தீபகற்பமாகும். எஞ்சிய பகுதி சீலாந்து முதலான தீவுகள். இந்நாட்டின் மிக உயர்ந்த இயற்கை நிலம் கடல்மட்டத்திற்கு மேல் 170.86 மீட்டர் அளவினதே. நம் நீலகிரியின் தொட்டபெட்டா 2,637 மீட்டர் உயரம் உடையது என்பதை நினைவிற் கொண்டால், அந்நாட்டின் தாழ்ந்த தன்மை நன்கு விளங்கும்.

தாழ்ந்த நிலம் என்பதனால் அது தட்டையான நிலம் என்று கொள்ளுதல் பொருந்தாது. அலையெழுந்து அடங்கிய கடல் அப்படியே உறைந்து நின்றாற்போல மேடும் பள்ளமுமாக நெளிந்து செல்லும் நிலம் அது. இதற்குக் காரணம் பனிப்பாறைகள். இறுதிப் பனியூழிக் காலத்தில் வடக்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் நகர்ந்து வந்த பெரும் பனிப்படலம், தான் அரைத்துச் சுமந்து வந்த மண்ணையும் மணலையும் கல்லையும் தன் விளிம்பில் குவித்தது. பின்னர்ப் பனி உருகியபோது பெருகிய நீர், அக்குவியல்களினூடே பள்ளத்தாக்குகளை அறுத்துச் சென்றது. குவிந்தவை குன்றுகளாயின, அறுபட்ட பள்ளங்களில் நீர் தங்கி ஏரிகளாயிற்று. நடு ஜட்லாந்தில் சில்கேபோர்க் என்னும் நகரைச் சூழ்ந்துள்ள ஏரி நாடு இவ்வாறு தோன்றியதே. டென்மார்க்கின் மிக நீண்ட ஆறாகிய குடெனோ இவ்வேரிகளைக் கோத்துக்கொண்டு ஓடுகிறது.

வான்மலை

இவ்வேரி நாட்டில், யூல் ஏரியின் கரையில் எழுந்து நிற்கிறது ஹிம்மெல்பியர்கெட் என்னும் குன்று. 'வானமலை' என்பது அப்பெயரின் பொருள். அதன் உயரமோ 147 மீட்டர்! பெயருக்கும் அளவிற்கும் உள்ள இடைவெளி நமக்கு நகைப்பை விளைக்கலாம். ஆயினும் ஏரிக்கரையில் நின்று அண்ணாந்து காண்பவர்க்கு அப்பெயர் பொருந்தாப் பெயராகத் தோன்றாது. நூறு மீட்டருக்கு மேற்பட்ட சரிவு நீர்விளிம்பிலிருந்து ஒரே வீச்சில் எழுகின்றது. உயரம் என்பது அளவுகோலில் மட்டும் இல்லை. அருகில் உள்ளவற்றோடு ஒப்பிட்டுக் காணும் கண்ணிலும் உள்ளது என்பதற்கு இக்குன்று நல்ல சான்று.

நிலவியலார் இதனை உண்மையான குன்று என்றும் கருதுவதில்லை. ஒருபுறம் உருகுநீர் அரித்துச் சென்றமையால் எஞ்சி நின்ற மேட்டுநிலத்தின் விளிம்பே இது என்பர். ஏரியின் பக்கமிருந்து வருவோர்க்கு இது மலை. மறுபக்கச் சமவெளியிலிருந்து வருவோர்க்கோ மெல்ல மெல்ல உயரும் நிலத்தின் முடிவு. ஒரே பொருள் வரும் வழியால் இருவேறு தோற்றம் கொள்வது ஈண்டு நோக்கத்தக்கது.

சில்கேபோர்க்கிலிருந்து ஏரி வழியே இக்குன்றின் அடிவாரம் வரை செல்லும் துடுப்புச் சக்கர நீராவிக் கப்பல் ஒன்று 1861ஆம் ஆண்டில் வெள்ளோட்டம் விடப்பட்டது. 'ஹையெலன்' என்பது அதன் பெயர். அது ஒரு பறவையின் பெயர். ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேலாக அக்கப்பல் பயணிகளை ஏற்றிச் சென்றுள்ளது. இறங்குதுறையிலிருந்து உச்சிவரை நடைபாதையே வழி. வழியெங்கும் பீச் மரக்காடு. இளவேனிலில் அம்மரங்களின் தளிர் வழியே வடியும் ஒளி பசுமையாய் இருக்கும். இலை அடர்ந்தபின் ஏரி கண்ணுக்குத் தெரியாது. ஏறுவோர் எதையும் காணாமலே ஏறுகின்றனர். காட்சி உச்சியில்தான் திறக்கிறது. நடந்தவர்க்கு அக்காட்சி ஒரு பரிசு. ஊர்தியில் வந்து இறங்கியவர்க்கு அது வெறும் காட்சி.

அளவு வந்தபோது

ஹிம்மெல்பியர்கெட்டே நாட்டின் மிக உயர்ந்த இடம் என்று மக்கள் நெடுங்காலம் நம்பி வந்தனர். 1847ஆம் ஆண்டு வரை அந்நம்பிக்கை நிலவியது. அளவைக் கருவிகள் வந்தபின் அது தகர்ந்தது. தெற்கே உள்ள எயர் பௌனெஹோய் என்னும் மேடு இதனினும் உயர்ந்தது எனக் கண்டனர்.

அதனோடும் வழக்கு முடியவில்லை. அதே வட்டாரத்தில் யூதிங் ஸ்கௌஹோய் என்னும் மற்றொரு மேடு உண்டு. அதன் உச்சி 172.54 மீட்டர். எனினும் அவ்வுச்சியில் இருப்பது வெண்கலக் காலத்து மக்கள் தம் இறந்தோர்க்கு எழுப்பிய ஈமமேடு. மனிதர் குவித்த மண்ணை இயற்கை உயரத்தில் சேர்த்தல் முறையாகுமா? அதனை நீக்கிக் கணக்கிட்டால் 170.77 மீட்டரே எஞ்சும். எயர் பௌனெஹோய் 170.35 மீட்டர். இவ்விரண்டின் போட்டிக்கு இடையே, எயர் பௌனெஹோய்க்குச் சில நூறு மீட்டர் தொலைவில், ஒரு பண்ணையின் மேய்ச்சல் நிலத்தில், எவரும் பொருட்படுத்தாது கிடந்த மோலெஹோய் என்னும் மேடே 170.86 மீட்டருடன் உயர்ந்தது என 2005ஆம் ஆண்டில் ஏற்கப்பட்டது. 'ஆலைமேடு' என்பது அதன் பொருள். முன்னொரு காலத்தில் அங்கே காற்றாலை ஒன்று இருந்தது. அதன் நினைவாக இன்று ஒரு திரிகைக் கல் கிடக்கின்றது. முதலிடத்திற்கும் இரண்டாம் இடத்திற்கும் உள்ள வேறுபாடு 9 சென்டிமீட்டர், அஃதாவது ஒரு சாண் நீளமும் இல்லை.

இவ்வளவிலிருந்து நாம் அறியத்தக்கது ஒன்றுண்டு. அளவு சொன்ன உண்மையை டேனியர் மறைக்கவில்லை, மறுக்கவுமில்லை. பழம்பெருமை பொய்த்தது என்பதற்காக ஹிம்மெல்பியர்கெட்டைக் கைவிடவும் இல்லை. முதன்மை போயிற்று, அன்பு நின்றது. ஒன்றைப் போற்றுதற்கு அது எல்லாவற்றினும் பெரிதாய் இருத்தல் வேண்டும் என்பதில்லை. தம் மொழியையும் ஊரையும் முன்னோரையும் போற்றும்போது மிகைபடக் கூறுதல் வேண்டாம் என்பதற்கு இஃது ஏற்ற எடுத்துக்காட்டாகும்.

குன்றின்மேற் கூடிய மக்கள்

ஹிம்மெல்பியர்கெட்டின்பால் மக்கள் கொண்ட அன்பிற்கு வரலாற்றுக் காரணமும் உண்டு. 1660 முதல் டென்மார்க்கில் முழுமையான முடியாட்சி நடைபெற்று வந்தது. அச்சுக்குத் தணிக்கை இருந்தது. அந்நிலையில் ஜட்லாந்தைச் சேர்ந்த ஸ்டேன் ஸ்டேன்சன் பிளிக்கர் (1782–1848) என்னும் எழுத்தாளர் 1839ஆம் ஆண்டில் இக்குன்றின்மேல் மக்களைக் கூட்டினார். அவர் ஒரு சிற்றூர்ப் போதகர். டேனியச் சிறுகதையின் முன்னோடி. ஜட்லாந்து மக்களின் வட்டார வழக்கை இலக்கியத்தில் ஏற்றியவர். பின்வந்த ஆண்டுகளிலும் கூட்டங்கள் நடைபெற்றன. குடியானவரும் கற்றோரும் ஒருங்கு நின்று பாடல்களையும் உரைகளையும் கேட்டனர். மொழி, நாட்டுணர்வு, மக்கள் உரிமை ஆகியன பேசுபொருளாயின.

மன்றம் இல்லாதோர்க்குக் குன்றே மன்றமாயிற்று. அங்கே நின்ற குடியானவன் தன் ஊரை மட்டுமன்றி, அடுத்த ஊரையும் அதற்கடுத்த ஊரையும் ஒருங்கே கண்டான். 'நாடு' என்னும் சொல் அவன் கண்ணுக்குப் பொருளாகத் தோன்றியது என்று கூறின் மிகையாகாது. தரங்கம்பாடி விற்கப்பட்டதும் இவ்வாண்டுகளை ஒட்டியே. தொலைவிலுள்ள உடைமைகளை நாடு கைவிட்டு வந்த அதே காலத்தில், அதன் மக்கள் தம் மண்ணைத் திரும்பிப் பார்க்கத் தொடங்கினர் எனலாம்.

1848இல் அரியணை ஏறிய ஏழாம் பிரெடெரிக் மன்னர் முழுமையான முடியாட்சியைத் துறந்தார். 1849ஆம் ஆண்டு சூன் 5ஆம் நாள் அரசியற் சட்டம் பிறந்தது. பேச்சுரிமை, கூடும் உரிமை, சமய உரிமை ஆகியன அதில் இடம்பெற்றன. அதனைக் காணப் பிளிக்கர் இல்லை; முந்திய ஆண்டிலேயே மறைந்து விட்டார்.

அம்மன்னரின் நினைவாக 1875ஆம் ஆண்டில் ஹிம்மெல்பியர்கெட்டின் உச்சியில் 25 மீட்டர் உயரமுள்ள செங்கற் கோபுரம் எழுந்தது. வாளேந்தி வென்ற மன்னர்க்கு எழுப்பிய வெற்றித் தூண் அன்று இது. தன் அதிகாரத்தை விட்டுக் கொடுத்தவர்க்கு எழுப்பிய நினைவுச் சின்னம். மன்னரின் உருவத்தை அண்ணாந்து காண்பதற்கன்று, மக்கள் ஏறி நாட்டைக் காண்பதற்கே இது அமைந்தது என்பதும் சிந்திக்கத்தக்கது.

ஈண்டு ஒரு குறையையும் சுட்டுதல் நேர்மை. 1849ஆம் ஆண்டுச் சட்டம் எல்லார்க்கும் வாக்குரிமை வழங்கவில்லை. பெண்டிர், பிறர் வீட்டில் ஊழியம் செய்வோர், ஏழ்மையால் உதவி பெற்றோர் ஆகியோர் விலக்கப்பட்டனர். பெண்கள் நாடாளுமன்ற வாக்குரிமை பெற 1915ஆம் ஆண்டு சூன் 5ஆம் நாள் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. கோபுரம் எழுந்தபோது அதன்மேல் ஏறிய பெண்மணி தொலைவையெல்லாம் கண்டிருப்பார். தன் உரிமையை மட்டும் கண்டிரார்.

தீப்பந்தமும் எல்லைக்கோடும்

எயர் பௌனெஹோய் என்னும் பெயரும் ஆராய்தற்குரியது. 'பௌன்' என்பது எச்சரிக்கைத் தீயைக் குறிக்கும் சொல். 'ஹோய்' என்பது மேடு. பகைவர் வரவை ஊர்தோறும் அறிவிக்க உயரமான மேடுகளில் விறகடுக்கித் தீ மூட்டுவர். ஒரு மேட்டின் தீயை அடுத்த மேட்டுக் காவலன் கண்டு தன் தீயை மூட்டுவான். இவ்வாறு செய்தி நாடெங்கும் பரவும். டென்மார்க்கில் இப்பெயர் தாங்கிய மேடுகள் பல. கோபுரங்கள் எழுவதற்கு நெடுங்காலம் முன்பே குன்றுகள் காவற்கண்களாய் விளங்கின என்பதற்கு இடப்பெயர்களே சான்று.

இம்மேட்டின்மேல் 1924ஆம் ஆண்டில் 13 மீட்டர் உயரமுள்ள கோபுரம் ஒன்று கட்டப்பட்டது. இதன் பின்னணி வேறு. 1864ஆம் ஆண்டுப் போரில் டென்மார்க் தோற்று, ஸ்லெஸ்விக் பகுதியை இழந்தது. அங்கு வாழ்ந்த டேனிய மொழியினர் அயலாட்சியின்கீழ்ச் சிறுபான்மையராயினர். முதல் உலகப் போருக்குப் பின், 1920ஆம் ஆண்டில், எந்நாட்டில் சேர்வது என அம்மக்களிடமே வாக்குக் கேட்கப்பட்டது. வட பகுதியில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினர் டென்மார்க்கை வேண்டினர், அப்பகுதி மீண்டது. அடுத்த பகுதியில் பெரும்பான்மையோர் ஜெர்மனியை வேண்டினர். அது ஜெர்மனியிலேயே நின்றது. அம்மீட்சியின் நினைவே இக்கோபுரம்.

எல்லை எங்கு வரையப்படினும் இருபுறமும் சிறுபான்மையர் எஞ்சுவர். இங்கும் அவ்வாறே ஆயிற்று. தெற்கே டேனியரும் வடக்கே ஜெர்மானியரும் எஞ்சினர். 1955ஆம் ஆண்டில் இரு நாட்டு அரசுகளும் தத்தம் சிறுபான்மையரின் உரிமைகளை அறிவித்து உறுதி கூறின. தம் மொழியில் தம் பள்ளிகளை நடத்தும் வாய்ப்பு இருபுறத்தார்க்கும் அமைந்துள்ளது. பகைவர் வரவைக் காட்டத் தீ எரிந்த மேட்டில், வாக்குச் சீட்டால் வரைந்த எல்லையின் நினைவு நிற்பது காலம் செய்த மாற்றமாகும்.

தொடுவானக் கணக்கு

உயரத்தில் ஏறினால் எவ்வளவு தொலைவு காணலாம்? இதற்கு எளிய கணக்கொன்று உண்டு. கண்ணின் உயரத்தை மீட்டரில் கொண்டு, அதன் வர்க்கமூலத்தை 3.57ஆல் பெருக்கினால் தொடுவானத்தின் தொலைவு கிலோமீட்டரில் கிடைக்கும். சுற்றுநிலம் கடல்மட்டத்தில் இருப்பதாகக் கொண்டு செய்யும் கணக்கு இது. காற்றில் ஒளி வளைவதால் உண்மைத் தொலைவு சிறிது கூடும்.

கடற்கரையில் நிற்பவரின் கண்ணுயரம் 1.6 மீட்டர் எனின், தொடுவானம் 4.5 கிலோமீட்டர். 147 மீட்டர்க் குன்றின்மேல் அது 43 கிலோமீட்டராகிறது. 25 மீட்டர்க் கோபுரத்தையும் சேர்த்து 172 மீட்டர் எனின், 47 கிலோமீட்டர். கோபுரத்தால் கூடியது நான்கு கிலோமீட்டர் அளவே. தொலைவு இருமடங்காக வேண்டுமெனின் உயரம் நான்கு மடங்காதல் வேண்டும்.

அங்ஙனமாயின் கோபுரம் எதற்கு? மரங்களுக்காகவே. குன்றின் உச்சியிலும் காடு வளர்கிறது. அருகில் நிற்கும் பத்துப் பதினைந்து மரங்கள் நாற்பது கிலோமீட்டர் நிலத்தை மறைத்து விடுகின்றன. கோபுரம் நம்மை வானுக்கு உயர்த்துவதில்லை. கண்ணெதிரே நிற்கும் தடைக்குச் சற்று மேலே உயர்த்துகிறது. அதுவே போதும். கல்வியின் பணியும் இதுதான் எனலாம். தொலைநோக்கைத் தடுப்பவை பெரும்பாலும் தொலைவில் உள்ளவை அல்ல; அருகில் உள்ள சிறு தடைகளே.

குன்றின் உச்சியையும் தொடுவானத்தையும் கொண்டு உலகையே அளந்த பேரறிஞர் அல்பிரூனி (பிறப்பு 973) ஈண்டு நினைக்கத்தக்கவர். பதினோராம் நூற்றாண்டின் தொடக்கத்தில், இன்றைய பாகிஸ்தானின் பஞ்சாபில் உள்ள நந்தனா என்னும் கோட்டையை அடுத்த மலைமேல் அவர் ஏறினார். முதலில் மலையின் உயரத்தை அளந்தார். பின்னர் உச்சியிலிருந்து நோக்கத் தொடுவானம் கிடைமட்டத்திற்கு எவ்வளவு தாழ்ந்து தோன்றுகிறது என அளந்தார். அத்தாழ்வு ஏறத்தாழ 34 கலை, அஃதாவது ஒரு பாகையினும் குறைவு. அவ்வளவு சிறிய கோணத்திலிருந்து பூமியின் ஆரத்தைக் கணித்தார். பாலைவனத்தில் நெடுந்தொலைவு நடந்து அளக்க வேண்டிய பணியை ஒரு குன்றின்மேல் நின்றே முடிக்கலாம் என்று காட்டியவர் அவர். பலர் காட்சி கண்டு திரும்பிய இடத்தில் அவர் கணக்குக் கண்டார். பார்த்தல் வேறு, நோக்குதல் வேறு என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

படியும் சாய்தளமும்

கோபுரம் எழுப்பினால் மட்டும் போதாது. யார் ஏறலாம் என்பதும் எண்ணத்தக்கது. குறுகிய படிகள் முதியோரையும் கால் தளர்ந்தோரையும் கீழேயே நிறுத்தி விடும். கோபனேகனில் நான்காம் கிறித்தியன் மன்னர் கட்டுவித்து 1642இல் நிறைவுற்ற வட்டக் கோபுரம் இதற்கொரு மாற்றுவழி காட்டியது. தரங்கம்பாடியில் டேனியர் குடியேறியதும் இம்மன்னர் காலத்திலேதான். வானாய்வுக் கூடம், பல்கலைக்கழக நூலகம், தேவாலயம் ஆகிய மூன்றையும் இணைத்த அக்கட்டடத்தில், மிகப் பெரும்பகுதி ஏற்றம் படிகளால் அன்றி, சுழன்று செல்லும் சாய்தளத்தால் அமைந்தது.

அவ்வழியையே இக்காலச் சிற்பிகளும் மேற்கொண்டனர். சீலாந்தின் தென்பகுதியில் கிசெல்பெல்ட் பண்ணைக் காட்டில் 2019ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட காட்டுக் கோபுரம் 45 மீட்டர் உயரமுடையது. உடுக்கை போல இடை சிறுத்து மேலும் கீழும் விரிந்த வடிவினது. மரங்களின் அடியிலிருந்து முடிவரை சுழன்றேறும் சாய்தளத்தில் சக்கர நாற்காலியில் அமர்ந்தோரும் குழந்தை வண்டி தள்ளுவோரும் மேலே செல்லலாம். 1849இல் சிலர்க்கு, 1915இல் பலர்க்கு எனத் திறந்த வாயில், உடல் தளர்ந்தோர்க்கும் திறப்பது இயற்கையான வளர்ச்சியே.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றைத் தொகுத்து நோக்குவோம். பனியாறு குவித்த சிறு மேடுகளே டென்மார்க்கின் மலைகள். அவற்றுள் ஒன்று 'வானமலை' எனப் பெயர் பெற்றது; அளவால் முதன்மை இழந்தது; அன்பால் நிலைத்தது. அதன்மேல் மக்கள் கூடினர்; உரிமை பேசினர்; அதிகாரம் துறந்த மன்னர்க்குக் கோபுரம் எடுத்தனர். மற்றொன்று தீ எரிந்த மேடு. அதன்மேல் வாக்கின் நினைவு நிற்கின்றது. காலந்தோறும் கோபுரங்களின் வாயில் விரிந்து வந்துள்ளது.

மாணவ நண்பர்கள் டென்மார்க் செல்லுதல் வேண்டும் என்பதில்லை. நம் ஊர்களின் அருகேயும் பெயருடைய மேடுகள் உள்ளன. அவற்றுக்கு நடந்து செல்லலாம். அப்பெயர் ஏன் வந்தது எனப் பெரியோரைக் கேட்கலாம். உச்சியில் நின்று எத்தனை ஊர் தெரிகிறது, எத்தனை குளம் தெரிகிறது, எத்தனை வழிபாட்டிடம் ஒருங்கே தெரிகிறது என எண்ணி எழுதலாம். கீழே நிற்கும்போது ஒவ்வொன்றும் தனித்தனியே பெரிதாய்த் தோன்றும். மேலிருந்து காணும்போது அவையனைத்தும் ஒரே நிலத்தில் அடுத்தடுத்து இருப்பது புலப்படும். அதனைக் காணுதற்குப் பெருமலை வேண்டுவதில்லை. நடக்கும் காலும், நோக்கும் கண்ணும், ஒரு சிறுகுன்றும் போதும்.